மயிலைத் தெருக்களும் வரிசை வீடுகளும்

'டெரஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் சென்னைவாசிகளுக்கு மொட்டை மாடியே நினைவுக்கு வரும். வடாம் உலர்த்துவதும், கோடை இரவில் பாய் விரித்து உறங்குவதும் அங்கேதான். இங்கிலாந்து தேசத்திலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தெருவின் ஓரமாக, நடுவே இடைவெளியின்றி, ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராக அமையும்படி தொடர்ந்து கட்டப்பெற்ற வீடுகளின் வரிசையையும் அவர்கள் டெரஸ் என்பர். அந்நாட்டு உழைப்பாளி மக்களில் மிகப் பலர் பல தலைமுறைகளாக இத்தகைய வீடுகளிலேயே வாழ்ந்து வந்துள்ளனர். நமக்கும் இவ்வமைப்பு புதியதன்று. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலும், சித்திரக்குளத்தைச் சுற்றிய தெருக்களிலும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளைப் பார்த்தவர்கள் இதனை உடனே புரிந்துகொள்வார்கள்.

நகரத்துப் பழைய வீடுகளைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்துகொள்ள வேண்டுவது யாது என்று சிலர் வினவலாம். ஏழை எளியவர்களுக்கு அரசின் உதவியோடு வீடு எழுப்பும் பணி கிராமங்களிலேயே பெருமளவில் நடைபெற்று வருகின்றது. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய சூரிய சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2024-இல் அறிவிக்கப்பெற்ற கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அது 360 சதுர அடி. இச்சிறு வீடுகள் பெரும்பாலும் தனித்தனிப் பெட்டிகளைப் போல மனையின் நடுவே நிற்கக் காண்கிறோம். நான்கு சுவர்களிலும் வெயில் ஏறுகின்றது. இரு வீடுகளுக்கு இடையே விடப்படும் மூன்றடிச் சந்தில் ஆள் நடப்பது கடினம். செடி கொடி வைக்கவும் இடம் போதாது. குப்பையும் கழிவுநீரும் தேங்குவதற்குத்தான் அது பயன்படுகின்றது. தத்தம் பூர்விக மனையில் வீடு கட்டிக்கொள்பவர்களுக்கு இதில் வேறு வழி இல்லாதிருக்கலாம். ஆனால் பத்துக் குடும்பங்களுக்கோ, ஐம்பது குடும்பங்களுக்கோ ஒரே இடத்தில் புதிதாக மனை பிரிக்கும் வாய்ப்பு வரும்போது, வரிசை வீடு என்னும் வழியும் உண்டு என்பதை ஊராட்சி எண்ணிப் பார்த்தல் நலம்.

மயிலையின் பழைய வீடு

இவ்வீட்டின் முகப்பு குறுகலானது, உட்புறம் நீண்டது. தெருவை ஒட்டித் திண்ணை. அதன்மேல் மரத் தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. வாயிலைக் கடந்தால் ரேழி. அதனை அடுத்துக் கூடமும், வானம் பார்த்த முற்றமும், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் இருக்கும். பின்னர் சமையற்கட்டு, அதற்கும் பின்னே கிணற்றோடு கூடிய கொல்லை. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொதுவானவை ஆகையால் அவற்றில் சன்னல் வைக்க இயலாது. நீண்ட வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வருவது? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே முற்றம். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேறிச் செல்ல, தெருவாயிலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதிய காற்று உட்புகும். நான்கு சாய்ப்புகளினின்றும் வழியும் மழைநீர் முற்றத்தில் வைத்த அண்டாக்களில் விழும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியது 2003-இல்தான். இவ்வீட்டார் அதற்கு வெகு காலம் முன்பே அதனைச் செய்து வந்தனர்.

திண்ணையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது வீட்டிற்கும் உரியது, தெருவிற்கும் உரியது. வழிப்போக்கர் அமர்வதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் உலாவைக் காண முதியோர் இடம் பிடிப்பதும் அங்கே. வீடுகள் தெருவை ஒட்டி நெருங்கி நிற்பதால் தெருவில் நடப்பது எதுவும் யாரேனும் ஒருவர் கண்ணுக்குத் தப்பாது. அதைத் தொல்லை என்று சொல்வோரும் உண்டு. நடுநிசியில் கள்வனை விரட்டியவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள்.

பொதுச் சுவரின் கணக்கு

இனி, கணக்கைப் பார்ப்போம். முகப்பு 15 அடி, உள்நீளம் 24 அடி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இதன் பரப்பு 360 சதுர அடி. தனித்து நிற்கும் வீடாயின் அதன் சுற்றுச்சுவர் 78 அடி நீளம். பத்து வீடுகளுக்கு 780 அடி. அப்பத்து வீடுகளையும் ஒரே வரிசையில் கட்டினால், முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்து 300 அடி; குறுக்குச் சுவர்கள் பதினொன்று, ஒவ்வொன்றும் 24 அடியாக 264 அடி; ஆக மொத்தம் 564 அடி. மீதமாகும் சுவர் 216 அடி. நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட செங்கல்லும், சிமெண்டும், கொத்தனார் கூலியும், அச்சுவர்களுக்குரிய அஸ்திவாரமும் இதனால் மிச்சப்படுகின்றன.

நிலத்திலும் இவ்வாறே. தனி வீடு ஒவ்வொன்றிற்கும் இருபுறமும் ஐந்தடி விடுவதாயின் பத்து வீடுகளுக்குத் தெரு நீளம் 250 அடி வேண்டும். வரிசை வீடாயின் 150 அடி போதும். எஞ்சும் 100 அடிக்குச் சாலை போட வேண்டுவதில்லை. சாக்கடை கட்ட வேண்டுவதில்லை. குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் இழுக்க வேண்டுவதில்லை. அவற்றைப் பின்னாளில் பழுது பார்க்கும் செலவும் ஊராட்சிக்கு இல்லை. அந்த நிலத்தைக் கொல்லையாகவே பயனாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வீட்டின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும் ஐந்தடியைக் காட்டிலும், பின்புறம் ஒரே துண்டாகக் கிடைக்கும் நிலம் முருங்கைக்கும் வாழைக்கும் கறவை மாட்டிற்கும் எவ்வளவோ மேலானது.

கட்டட வேலையிலும் ஒரு வசதி உண்டு. கூரையின் பாரத்தைக் குறுக்குச் சுவர்களே தாங்கிக்கொள்வதால் முன்சுவரும் பின்சுவரும் பாரமற்று நிற்கின்றன. அவற்றில் பெரிய கதவும் சன்னலும் தாராளமாக வைக்கலாம்.

வெயிலின் கணக்கு இதைவிட முக்கியமானது. மேற்சொன்ன பத்துத் தனி வீடுகளில் 780 அடிச் சுவர் முழுவதும் வெளியில் நிற்கிறது. வரிசை வீடுகளிலோ முன்னும் பின்னும் உள்ள 300 அடியும், இரு கோடிச் சுவர்களின் 48 அடியும் மட்டுமே வெளியில் உள்ளன. அதாவது பாதிக்கும் குறைவு. இதோடு திசையும் சரியாக அமைந்துவிட்டால் நன்மை இன்னும் பெருகும். சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. இங்கே ஏப்ரல் மாதக் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகின்றான். ஜூன் மாதத்திலும் உச்சியிலிருந்து பத்துப் பாகையளவே வடக்கே சாய்கின்றான். ஆகையால் வடக்கு, தெற்குச் சுவர்களைக் காக்க இரண்டரை அடிச் சாய்ப்பு ஒன்றே பெரும்பாலும் போதும். கிழக்கு, மேற்குச் சுவர்களின் நிலை வேறு. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயில் சாய்ப்பிற்கு அடியில் நுழைந்து சுவர் முழுவதையும் காய்ச்சிவிடும். இரவு பத்து மணிக்கும் மேற்குச் சுவரைத் தொட்டால் சுடுவதை நாம் அறிவோம். இப்போது கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். அதில் உள்ள வரிசை வீடுகளின் பொதுச் சுவர்கள் யாவும் கிழக்கிலும் மேற்கிலும் அமைந்துவிடுகின்றன. ஒவ்வொரு வீடும் தன் அண்டை வீட்டிற்கு வெயில் மறைப்பாகி நிற்கிறது. வடக்கு மாட வீதியும் தெற்கு மாட வீதியும் இத்தகைய தெருக்களே. கிழக்கு மாட வீதி போன்று வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களில் முகப்பில் வெயில் விழும். அங்கே திண்ணையும் தாழ்ந்த சாய்ப்பும் அவ்வேலையை ஏற்கின்றன. கூரையை மட்டும் பொதுச் சுவர் காக்காது. கான்கிரீட் தளமானால் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்து, ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது அவசியம்.

ஆங்கில நகரம் ஒன்றின் அனுபவம்

வரிசை வீடு பழங்காலத்தோடு முடிந்துபோன விஷயம் என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்விச் என்றொரு நகரம் உள்ளது. அந்நகராட்சி, குறைந்த வாடகைக்கு விடுவதற்காகக் கோல்ட்ஸ்மித் தெரு என்னுமிடத்தில் 105 குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றில் 45 தனி வீடுகள், 60 அடுக்ககங்கள். எல்லாம் தெருவை நோக்கிய நீண்ட வரிசைகளாகவே அமைந்தன. பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகம் ஆண்டுதோறும் சிறந்த கட்டடத்திற்கு அளிக்கும் ஸ்டர்லிங் பரிசு 2019-இல் இதற்குக் கிடைத்தது. பெரும் மாளிகைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கிடைத்து வந்த அப்பரிசு, நகராட்சி வாடகை வீடுகளுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

வீடுகளை வகுத்த மிகைல் ரிச்சஸ் நிறுவனத்தாரும் கேத்தி ஹாலி என்பவரும் எடுத்துக்கொண்ட சிரத்தை வியக்கத்தக்கது. நார்விச்சில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திற்கு மேல் 14 பாகை உயரமே எழுகின்றான். நம்மவர் வெயிலுக்கு ஒதுங்குகிறோம். அவர்களோ வெயிலைத் தேடுகின்றனர். எனவே முன்வரிசையின் கூரை பின்வரிசையின் வெயிலை மறைக்காதபடி 15 பாகைச் சாய்வில் அமைத்தனர். சுவர்கள் இரண்டடிக் கனம். உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாதபடி எல்லா இடுக்குகளையும் அடைத்தனர். கடிதம் போடும் துவாரத்தைக் கதவில் வைத்தால் குளிர்காற்று நுழையும் என்று கருதி, அதனை வெளித் தாழ்வாரத்தில் அமைத்தனர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இதன் பயனாக வீட்டாரின் எரிபொருட் செலவு சராசரிக் குடும்பத்தின் செலவைவிட 70 சதவீதம் குறையும் என மதிப்பிடப்பட்டது. வாடகை வீட்டு ஏழைக்கு இது சிறிய தொகையன்று.

எதிரெதிர் வரிசைகளுக்கிடையே 21 மீட்டர் விடுவதே அந்நாட்டு வழக்கம். இங்கே 14 மீட்டரே, அதாவது ஏறக்குறைய 46 அடியே விட்டனர். மிச்சமான நிலம் பொது இடமாயிற்று. இரு வரிசைகளின் பின்கொல்லைகளுக்கு நடுவே ஒரு பின்சந்து உண்டு. அங்கே வண்டிகள் வருவதில்லை; குழந்தைகள் விளையாடுகின்றனர். மாடியில் உள்ளவர்க்கும் தெருவிலிருந்தே தனி வாயில் உண்டு.

நார்விச் வீட்டை அப்படியே இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தால் உள்ளிருப்பவர் வெந்துபோவர். அங்கே காற்றை அடைக்க வேண்டும். இங்கே திறந்துவிட வேண்டும். கற்றுக்கொள்ளத் தக்கது அவர்கள் சூரியனின் கணக்கை முதலில் போட்டுவிட்டுப் பின்னர் தெருவை வகுத்த முறையே ஆகும்.

வரிசைக்கு வந்த அவப்பெயர்

வரிசை வீடு என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு; அதற்குக் காரணமும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த 'லயன்' வீடுகளும் வரிசை வீடுகள்தாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. அதில் ஒரு குடும்பம் முழுவதும். இரட்டை லயன்களில் ஒரு வரிசையின் முதுகும் மறு வரிசையின் முதுகும் ஒரே சுவரில் ஒட்டியிருந்தன. மூன்று பக்கமும் அடைபட்ட அவ்வறைக்குள் காற்று எவ்விதம் புகும்? இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் இவ்வாறு முதுகு ஒட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு, நோய்க்கு இருப்பிடமாகி, 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதிதாகக் கட்டுவது தடுக்கப்பட்டது. பக்கச் சுவரைப் பங்கிடலாம், பின்சுவரைப் பங்கிடலாகாது. முன்னும் பின்னும் திறப்பு இல்லாத வரிசை வீட்டை எந்த ஊராட்சியும் ஒப்புக்கொள்ளலாகாது.

தீயைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. நெருங்கிய குடிசைகளில் ஒன்று பற்றினால் தெருவே சாம்பலாவதை நாம் கண்டுள்ளோம். 1666-இல் லண்டன் மாநகர் பற்றி எரிந்தபின், மறு ஆண்டிலேயே வீடுகளையும் பொதுச் சுவர்களையும் செங்கல்லாலோ கல்லாலோ கட்டவேண்டுமெனச் சட்டம் செய்தனர். நம் கிராமத்திலும் பொதுச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கற்சுவராக இருத்தல் வேண்டும். ஓட்டுக் கூரையானால் அச்சுவர் கூரைக்கு மேலும் ஓர் அடிக்குக் குறையாமல் உயர வேண்டும். இல்லையெனில் சட்டங்களின் வழியே தீ அடுத்த வீட்டிற்குத் தாவும். ஒன்பது அங்குலம் இருந்தால் அண்டை வீட்டுச் சத்தமும் ஓரளவு அடங்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயிலைச் சூழ்ந்த பழைய அக்கிரகார வரிசைகள் எல்லாருக்கும் திறந்திருந்த தெருக்கள் அல்ல. ஒரு சாதியாரைத் தனியே அமர்த்துவதற்கும் வரிசை பயன்பட்டது. ஊருக்கு வெளியே மற்றொரு சாதியாரை ஒதுக்குவதற்கும் வரிசை பயன்பட்டது. ஒதுக்கலின் அடையாளமாகிவிட்ட 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களினின்று நீக்குவதாக 2025-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பெற்ற முதல் சமத்துவபுரத்தில் பல வகுப்பாருக்கும் கலந்து 100 வீடுகள் ஒதுக்கப்பெற்றன. புதிய வரிசையை ஊரோடு ஒட்டி அமைத்து, அதில் வீடு ஒதுக்கும்போது இம்முறையைப் பின்பற்றாவிட்டால், பொதுச் சுவர் பிரிவினைச் சுவராகவே முடியும்.

தனி வீட்டின் மீது நமக்கு இத்தனை மோகம் எவ்வாறு உண்டாயிற்று? 1920-களில் தியாகராய நகர் வகுக்கப்பட்டபோது, நான்கு புறமும் தோட்டம் சூழ்ந்த வீடே நாகரிகத்தின் அடையாளம் என்னும் எண்ணம் வேரூன்றியது. பெரிய மனைக்கு அது பொருந்தும். அதே எண்ணத்தை ஒன்றரை சென்ட் மனைக்கு இறக்கியபோதுதான் மூன்றடிச் சந்துகள் பிறந்தன. மறுபுறம், நகர ஏழைகளுக்கு அடுக்குமாடி என்னும் வழி வந்தது. 1970-இல் தோற்றுவிக்கப்பெற்று, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், மயிலையை அடுத்த கடற்கரையில் நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. ஓலைக் குடிசைக்கு அவை எவ்வளவோ மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வலையையும் மீன் கூடையையும் மூன்றாம் மாடிக்கு ஏற்றி இறக்குவது கடல் தொழிலாளிக்கு எளிதன்று. தனி வீட்டிற்கும் மாடி வீட்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதை மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி வகுத்த ஆரண்யா குடியிருப்பு காட்டுகின்றது. அங்கே ஏறத்தாழ 6,500 மனைகள். மிக எளியவர்க்கு மேடையும் கழிப்பறையும் சமையலிடமும் மட்டும் கட்டிக் கொடுத்தனர். அண்டைச் சுவரைத் துணையாகக் கொண்டு மீதியைக் குடும்பத்தார் தம் சக்திக்கேற்ப மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டனர். 1995-இல் அது ஆகா கான் கட்டடக் கலைப் பரிசு பெற்றது.

மாட்டுக்கும் வண்டிக்கும் வழி

வரிசை வீட்டை எதிர்த்துக் குடியானவர்கள் எழுப்பும் முதல் கேள்வி, "பசு மாட்டைக் கொல்லைக்கு எவ்வழியே ஓட்டுவது? கூடத்தின் வழியாகவா?" என்பதே. கேள்வி நியாயமானது. மாடும் வைக்கோற் போரும் உழவுக் கருவிகளும் உள்ள குடும்பத்திற்குப் பின்வழி இன்றியமையாதது. கொல்லைகளின் கோடியில் வண்டி செல்லுமளவு, பன்னிரண்டு அடிக்குக் குறையாத பாதை விடுவது அவசியம். நகரங்களில் பழைய பின்சந்துகள் மலத்தைத் தலையில் சுமந்து செல்வதற்கென்றே விடப்பட்டவை. அக்கொடுமை 1993, 2013 ஆண்டுகளின் சட்டங்களால் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது அப்பாதை எருக் குழிக்கும் அறுவடைக்கும் பயன்படும். கழிப்பறையின் இரட்டைக் குழிகளையும் கொல்லையிலேயே, கிணற்றுக்கு எட்ட, மாறி மாறித் திறந்து எரு எடுக்கும் வசதியோடு அமைக்கலாம். வீட்டின் உள்நீளம் முப்பது அடியைத் தாண்டுமானால் சிறு முற்றம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நலம். பின்னாளில் மகனுக்கு மணமாகி அறை தேவைப்பட்டால் பக்கவாட்டில் விரிக்க இயலாது. மேலேதான் எழுப்ப வேண்டும். ஆகவே மாடியைத் தாங்கும் அஸ்திவாரமும், படிக்கட்டுக்குரிய இடமும் முதலிலேயே இருத்தல் வேண்டும்.

பக்கவாட்டில் இடைவெளி விடாமல் கட்ட விதி இடம் தருமா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்றொரு வகை உண்டு. மனைப்பிரிவை வகுக்கும் நிலையிலேயே ஊராட்சி ஒன்றியப் பொறியாளரோடும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தோடும் கலந்து ஒப்புதல் பெறுவது பின்னால் வரும் வில்லங்கத்தைத் தவிர்க்கும்.

எல்லாவற்றிலும் அதிக வழக்கு பொதுச் சுவரைக் குறித்தே எழும். ஆகவே பட்டா வழங்கும் அன்றே, வரிசையிலுள்ள எல்லாரும் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஒன்று இருத்தல் நல்லது. சுவரின் நடுக்கோடே எல்லை என்பதும், உத்தரத்தையோ அலமாரியையோ சுவரின் பாதிக் கனத்திற்கு மேல் செருகலாகாது என்பதும், ஒருவர் மாடி எழுப்பும்போது சுவரை உயர்த்தும் செலவை அவரே ஏற்றுப் பிற்பாடு அண்டை வீட்டார் அதனைப் பயன்படுத்தும் நாளில் பாதியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதும், ஒரு வீட்டை இடிக்க நேர்ந்தால் அடுத்த வீட்டுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். கூரைத் தண்ணீர் முன்னும் பின்னும் மட்டுமே வழிய வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரைமேல் எவர் வீட்டுத் தாரையும் விழலாகாது. உடன்படிக்கையின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும்.